"எப்படியும் இந்தப் பக்கம் வரத்தானே போகிறார்" – பார்சலும் பெற்றோலும்

கேள்வி, களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்:
வீட்டில் மனைவி, மகள், நான் மூன்று பேரும் தனித்தனியாக ஓடர் போடுகிறோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் வந்து சேர்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வரும்படி போட்டால் பெற்றோல் மிச்சமாகும் என்கிறாள் மகள். கூரியர் தம்பி எப்படியும் இந்தப் பக்கம் வரத்தானே போகிறார், எங்கள் பார்சல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

ஜூன் 2, இரவு

மகள் சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

நான் ஆரையம்பதி. வீட்டிலேயே தையல். லேஸ், ஸிப், லைனிங் துணி எல்லாம் கொழும்பிலிருந்து பார்சலில்தான் எடுக்கிறேன், அதற்கு மேல் என் தம்பியே கூரியர் ஓடுகிறவன், ஆகவே இந்தக் கதையின் இரண்டு முனையும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவனுக்குச் சம்பளம் பார்சல் கணக்கில். பெற்றோல் அவனுடைய சட்டைப்பையில் இருந்து. இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை, கொம்பனி அடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கொழும்பிலிருந்து இங்கே 300 கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தை உங்கள் பார்சல் இரவோடு இரவாக லொறியில், நூற்றுக்கணக்கான மற்றப் பார்சல்களோடு தாண்டிவிடுகிறது, அதன் பங்குக்கு விழும் டீசல் கொஞ்சம்தான். செலவு ஏறுவது விடிந்த பிறகு. ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு ஆள், ஒரு நேரத்தில் ஒரு படலை. அந்தக் கடைசித் துண்டில்தான் பார்சல் ஒன்றுக்கு விழும் எண்ணெய் கூட.

தம்பி களுவாஞ்சிகுடிக்கு வந்தே தீருவான் என்பது சரி. பிரதான வீதியில் வருவதற்கான பெற்றோல் உங்கள் பார்சல் இல்லாவிட்டாலும் எரியும். ஆனால் பிரதான வீதியிலிருந்து உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி, வீட்டைத் தேடி, கோல் எடுத்து, நின்று, திரும்பி வருவது உங்களுக்காக மட்டும். அதை ஒரே கிழமையில் நாளுக்கு ஒருவராகச் செய்ய வைக்கிறீர்கள். நூறு வீட்டில் இப்படி நடந்தால் அது கொஞ்சம் இல்லை.

ஜூன் 3, விடிய

"அப்படியென்றால் நாமே டவுனுக்குப் போய் வாங்கிவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்வர 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். நல்ல நிலையில் உள்ள 110, 125 சீசீ மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45, 50 கிலோமீற்றர் போகும். ஒரு சேலைக்காக ஒரு லீற்றரைக் கரைக்கிறீர்கள். வேறு வேலையோடு வேலையாகப் போனால் அது வேறு கணக்கு. பார்சலுக்கென்றே போவதென்றால் வீட்டுக்கு வரவழைப்பதுதான் மிச்சம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் 4

பாதை பற்றி. இது எழுதவேண்டும் என்று நேற்று முழுக்க மனதில் இருந்தது.

அமெரிக்காவின் யூபிஎஸ் கூரியர் நிறுவனம் தன் வண்டிகளை இடப்பக்கம் திருப்புவதைக் கூடியவரை தவிர்த்துத்தான் பாதை போடுகிறது. அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் வாகனங்கள் விலகும்வரை எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கவேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே நமக்கு அந்தத் தொல்லை வலப்பக்கத் திருப்பம்.

இப்போது நம் ஊரின் அமைப்பைப் பாருங்கள். கல்லடியிலிருந்து கல்முனை வரை ஒரே நேர் வீதி, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. தெற்கே போகும்போது கடல் பக்கம் இடது கையில். திரும்பி வரும்போது வாவிப் பக்கம் இடது கையில். தம்பி காலையில் இறங்கும்போது கடற்கரை ஒழுங்கைகளை எல்லாம் முடித்துக்கொண்டு போவான், ஏறும்போது வாவிக்கரை ஒழுங்கைகளை முடித்துக்கொண்டு வருவான். காத்தான்குடி சந்தைப் பக்கம் வலப்பக்கம் திரும்ப நின்றால் ஓட்டோக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டிவரும் என்று அந்த வழியால் போகிற எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யூபிஎஸ் பற்றி நான் சொன்ன பிறகுதான் கேள்விப்பட்டான்.

இதனால்தான் வாவிப் பக்கத்தாருக்கு பார்சல் மத்தியானத்துக்குப் பிறகு வருகிறது. "எதிர்வீட்டுக்குக் காலையிலேயே கொடுத்தாய், எனக்கு ஏன் பின்னேரம்" என்று அவனோடு சண்டை பிடிக்கிற மாமிமார் இருக்கிறார்கள். மாமி, நீங்கள் வீதிக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

(கல்லடிப் பாலத்தையும் சொல்லவேண்டும். 1924இல் கட்டிய பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் போய் முடியும்வரை மறு பக்கம் நிற்கவேண்டும். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. அந்த நேரம் நின்றபடியே எரிந்த எண்ணெயை யார் கணக்கு வைத்தார்கள்.)

ஜூன் 5

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், எல்லாம் வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எழுவான்கரைக் கதையாக இருக்கிறது என்று. நியாயமான கோபம். உண்மையில் எண்ணெய் கூடுதலாக வீணாவது அங்கேதான்.

படுவான்கரைக்குப் போக நினைத்த இடத்தில் வாவியைக் கடக்க முடியாது. வடக்கே வலையிறவுப் பாலம், நடுவில் மண்முனைப் பாலம், தெற்கே பட்டிருப்புப் பாலம். மண்முனையில் 2014 வரை பாலம் கிடையாது, பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில் ஏற்றித்தான் கடந்தார்கள். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் குருமன்வெளியிலிருந்து மண்டூருக்கும் அந்தப் பாதைப் பயணம்தான். ஆகவே அக்கரையில் ஒரு வீடு தவறினால் அது ஒரு ஒழுங்கை தவறியது போல் முடியாது. மறுநாள் பாலம் சுற்றித்தான் திரும்பப் போகவேண்டும், அந்தப் பக்கம் வேறு பார்சல் இல்லாவிட்டால் அந்தப் பயணம் முழுக்க ஒரே ஒரு பார்சலின் தலையில் விழும்.

நீங்கள் சொன்ன "எப்படியும் வரத்தானே போகிறார்" என்ற கட்சி இங்கே முழுக்க உடைகிறது. களுவாஞ்சிகுடியில் தவறிய பார்சலை நாளை போகிற போக்கில் கொடுக்கலாம். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் தவறியதை அப்படிக் கொடுக்க முடியாது.

ஏன் தவறுகிறது? பெரும்பாலும் ஆள் வீட்டில் இல்லை. வேளாண்மைக் காலத்தில் விடிய வயலுக்குப் போனவர் மத்தியானம்தான் திரும்புவார். ஆசிரியர் என்றால் வகுப்பில் போன் எடுக்கமாட்டார், பள்ளி விடுவது ஒன்றரைக்கு. கச்சேரியில் வேலை என்றால் பின்னேரம் நாலேகாலுக்குப் பிறகு. இது எதுவும் இரகசியம் இல்லை, ஓடர் போடும்போது முகவரிக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். "காலையில் ஆள் இல்லை, 2 மணிக்குப் பின் வரவும்." அந்த ஒரு வரி சில நேரம் அரை லீற்றர் பெறும்.

முகவரியும் அப்படித்தான். "பிரதான வீதி" என்று மட்டும் எழுதினால் எந்தப் பிரதான வீதி? வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்புங்கள், அல்லது கோயிலையோ பள்ளியையோ கடையையோ சேர்த்து எழுதுங்கள்.

ஜூன் 5, இரவு

அந்தப் படுவான்கரைக்காரருக்கு இன்னொன்று. இப்போது கச்சான், மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கிற காலம். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே போனால் மண்முனைப் பாலத்தில் காற்று நெஞ்சில் அடிக்கும், சின்ன எஞ்சின் இழுக்காது, எண்ணெய் குடிக்கும். வெள்ளென மேற்கே போய், காற்று எழும்பிய பிறகு அதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் ஓடுகிறவனுக்கு நல்லது. ஆனால் வெள்ளென நீங்கள் வயலில். இந்த முடிச்சை அவிழ்ப்பது கஷ்டம், வீட்டில் யாரிடமாவது காசைக் கொடுத்துவைத்துவிட்டுப் போவதைத் தவிர வழி தெரியவில்லை.

ஜூன் 7

5ஆம் திகதி எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். "உங்கள் வசதியான நேரத்தை எழுதுங்கள்" என்றேன். ஒரு வீட்டுக்கு அது சரி. எல்லா வீடும் எழுதினால்?

தம்பியிடம் கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, எல்லாரும் நாலு மணிக்குப் பிறகுதான் வரச் சொல்லுவாங்க. நான் நாலு மணிக்கு எத்தனை இடத்தில நிக்கிறது?"

அதுதான் விஷயம். இன்னாருக்கு 10 மணி, அடுத்த வீட்டாருக்கு 4 மணி, அதற்கு அடுத்த வீட்டாருக்கு 11 மணி என்று ஆகிவிட்டால் அவன் ஒரே ஒழுங்கைக்குள் பல தரம் நுழைய வேண்டும். நேரக்கட்டுப்பாடு கூடக் கூட ஓடவேண்டிய தூரமும் கூடும் என்பது பாதை போடுகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்த உண்மை. ஆகவே நேரத்தை வீடு வீடாகத் தேர்ந்தெடுப்பதைவிட தெருவுக்கு ஒரு நேரம் என்று இருப்பதுதான் எண்ணெயை மிச்சப்படுத்தும்.

சூன் பாண் ஓட்டோவைப் பாருங்கள். அது யாருடைய வசதியையும் கேட்பதில்லை. கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பாட்டைப் போட்டுக்கொண்டு வரும், ஒழுங்கை முகப்பில் நிற்கும், நாம்தான் சில்லறையை எடுத்துக்கொண்டு ஓடிப்போகிறோம். ஒரு வீட்டுப் படலையையும் அது தட்டுவதில்லை, ஆனாலும் தெருவுக்கே பாண் கிடைக்கிறது. தபால்காரரும் அப்படித்தான், அவருடைய சைக்கிள் எந்த நேரம் எந்தச் சந்தியில் நிற்கும் என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். பார்சலுக்கு மட்டும் நாம் ஏன் வீட்டுக்குள் இருந்தபடி நேரம் குறிக்கவேண்டும்?

அதனால் இப்போது நான் சொல்வது இதுதான். ஆள் இல்லாத நேரத்தை எழுதுங்கள், அது தேவை. வரவேண்டிய நேரத்தைக் கட்டளையாக எழுதாதீர்கள். ஓடுகிறவர் "உங்கள் பக்கம் 11 மணி போல வருவேன்" என்று காலையில் ஒரு செய்தி போட்டால், அதற்கு நாம் இசைந்துகொள்வோம்.

ஜூன் 8

சின்னக் குறிப்பு. நம் ஊரில் ஓடர்களில் பெரும்பகுதி பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுப்பவை. ஆகவே "வீட்டில் ஆள் இல்லை" என்பதற்கு அடுத்த காரணம் "கையில் காசு இல்லை". மாதக் கடைசியில், சம்பளத்துக்கு முந்திய கிழமையில் பார்சல் வந்தால் "நாளைக்கு வாங்க தம்பி" என்றுதான் பதில். பேஸ்புக்கில் இரவு பார்த்து ஆசைப்பட்டு ஓடர் போட்டதெல்லாம் திரும்பிப் போகிறது, வந்த 300 கிலோமீற்றரையும் திரும்பப் போகிறது. சம்பளம் விழுந்த பிறகு ஓடர் போடுங்கள். பொருள் எங்கேயும் போய்விடாது.

இன்னொன்று, காசைச் சரியாக எண்ணி வையுங்கள். 1,850 ரூபாவுக்கு 5,000 ரூபாத் தாளை நீட்டினால் மாற்றுவதற்கு அவன் கடை தேடிப் போகிறான்.

ஜூன் 11

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிற மருமகள் இந்த இழையைப் படித்துவிட்டு எனக்கு வகுப்பே எடுத்துவிட்டாள். எழுதாமல் விட மனமில்லை.

1959இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்று மூன்று கணிதவியலாளர்கள் ஒன்றை நிறுவினார்கள். ஒரு பரப்பில் நிறையப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன, எல்லாவற்றையும் தொட்டுத் திரும்பும் மிகக் குறுகிய பாதை எவ்வளவு நீளம்? புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு அது வளர்கிறது. அதாவது அதே ஊரில் நாலு மடங்கு வீடுகளுக்குப் போனாலும் ஓடும் தூரம் இரண்டு மடங்குதான். வீடு ஒன்றுக்கு விழும் தூரம் பாதியாகிவிடும்.

இதை நம் கணக்குக்குக் கொண்டுவருவோம். ஒரு பகுதிக்கு இன்றைக்கு ஒரு சுற்று, நாளைக்கு ஒரு சுற்று என்று இரண்டு சுற்று ஓடுகிறான். இரண்டு நாள் பார்சலையும் சேர்த்து ஒரே நாளில் ஓடினால் தூரம் இரண்டு சுற்று அளவு வராது, சுமார் 1.4 சுற்றுத்தான் வரும். நூற்றுக்கு 30 அளவில் மிச்சம். நாம் ஒரு நாள் பொறுத்தால் போதும். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

நம் எழுவான்கரை இன்னும் வசதியானது என்றும் மருமகள் சொன்னாள். ஒடுங்கிய நிலம், நடுவில் ஒரே வீதி. போய்வரும் நேர்த்தூரம் எப்படியும் ஒன்றுதான், பார்சல் கூடினால் ஒழுங்கைக்குள் போய்வருவது மட்டும்தான் கூடும்.

2019இல் அமேசான் அமெரிக்காவில் தன் பிரைம் வாடிக்கையாளருக்கு, கிழமையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளும் வசதியைக் கொடுத்ததும் இதே கணக்கில்தான். அவ்வளவு பெரிய கொம்பனியே "பொறுத்து வாங்குங்கள்" என்று கேட்கிறதென்றால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

ஜூன் 12

நேற்றைய கணக்கைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "பையில கொள்ளாதே அக்கா" என்றான்.

அதுவும் உண்மை. மோட்டார் சைக்கிளில் பின்னால் கட்டும் பைக்கு ஒரு அளவு இருக்கிறது. இரண்டு நாள் பார்சலைச் சேர்த்தால் ஓட்டோ வேண்டிவரும், ஓட்டோ லீற்றருக்கு 20, 25 கிலோமீற்றர்தான் போகும், கிட்டத்தட்ட பாதி. வர்க்கமூலம் மிச்சப்படுத்தியதை ஓட்டோ குடித்துவிடும். ஆகவே இந்தக் கணக்கு சட்டை, சேலை, போன் உறை, லேஸ் மாதிரிச் சின்னப் பார்சலுக்கு நன்றாகப் பொருந்தும். ரைஸ் குக்கருக்கும் மின்விசிறிக்கும் பொருந்தாது. பெரிய பொருளைத் தனியாக, ஓட்டோ வரும் நாளில் சேர்ப்பதுதான் வழி.

படுவான்கரைக்கு மட்டும் ஓட்டோவாக இருந்தாலும் சேர்த்துப் போவதுதான் இலாபம் என்கிறான். வீடுகள் தூரத் தூர, பாலம் சுற்றிப் போகும் தூரம் பெரிது, அதை ஒரு தரத்தோடு முடிப்பது நல்லது.

ஜூன் 15

2022ஐ யாரும் இன்னும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே எழுதுகிறேன்.

அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதற்குப் பிறகு ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிழமைக்கு 4 லீற்றர். கூரியர் ஓடுகிறவனுக்கு 4 லீற்றர் எந்த மூலைக்கு? பெற்றோல் செட் வரிசையில் நின்று அடித்த பெற்றோலைத் தம்பி துளித்துளியாகத்தான் செலவு செய்தான்.

அப்போதுதான் எங்கள் பக்கத்தில் இது தானாக நடந்தது. கிழமையில் இரண்டு நாள் மட்டும் வருவேன் என்று அவன் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டான். எங்கள் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும், தையல் மெசினை விட்டு நான் எங்கே போகப்போகிறேன், ஆகவே எங்கள் ஒழுங்கைப் பார்சல் எல்லாம் என் வீட்டு மேசையில் இறங்கியது. மற்றவர்கள் சைக்கிளில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வந்த சாக்கில் வாசலில் நின்று கதைத்துவிட்டும் போனார்கள். அவனுக்கும் 4 லீற்றர் தாக்குப்பிடித்தது.

2023 செப்டெம்பரில் கியூஆரை எடுத்தார்கள். அதோடு அந்த ஒழுங்கும் கலைந்தது. எண்ணெய் இல்லாதபோது முடிந்த ஒன்று எண்ணெய் இருக்கும்போது ஏன் முடியாது என்பது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான். இந்த நாடு எரிக்கிற பெற்றோல், டீசல் எல்லாம் டொலர் கொடுத்து வெளியிலிருந்து எடுப்பது, அந்த டொலர் இல்லாமல் போனபோது என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் நாம்.

ஜூன் 16

"அடுத்த வீட்டில் பார்சலை விட்டால் என்ன வாங்கினேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும்" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை, பெண்களுக்கு அது பெரிய விஷயம். பார்சலுக்கு மேலே பொருளின் பெயரை எழுதாமல் அனுப்பும்படி விற்பவரிடம் முதலே சொல்லலாம். மற்றது, எடுத்து வைப்பவர் வாய் காக்கிறவராக இருக்கவேண்டும். அப்படி ஒருவர் எந்த ஒழுங்கையிலும் இருப்பார். காசையும் முதலே வங்கியில் போட்டுவிட்டால் எடுத்து வைக்கிறவருக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. நான் எடுத்து வைத்த காலத்தில் காசுக் கணக்குத்தான் தலையிடி, பார்சல் இல்லை.

ஜூன் 21

காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா எழுதியது முக்கியம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடையெல்லாம் பூட்டு, ஆண்கள் பள்ளிவாசலில், அந்த நேரம் வந்து கோல் எடுத்தால் யார் எடுப்பது என்று கேட்கிறார். நோன்பு காலத்தில் காலையில் வீடுகள் அமைதியாக இருக்கும், அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகுதான் தெருவில் நடமாட்டம். இது தெரிந்த ரைடர் வெள்ளிக்கிழமை மத்தியானத்தைக் கல்லடிப் பக்கம் ஓடி முடித்துவிட்டு இரண்டு மணிக்குப் பிறகு காத்தான்குடிக்குள் வருவார். தெரியாத புதுப்பையன் அந்த வெயிலில் படலை படலையாகப் போய் அத்தனையும் திரும்பக் கொண்டுபோவான். ரைடர்களை அடிக்கடி பகுதி மாற்றாமல் ஒரே பகுதியில் விட்டுவைத்தாலே பாதி எண்ணெய்ப் பிரச்சினை தீரும் என்று தோன்றுகிறது. அதை நாம் கொம்பனிக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

ஜூன் 24

கடைசியாகக் கேட்டவருக்கு: ஆம், மாரியில் கஷ்டம் கூடும். நவம்பரில் டராஸ் இணையக் கடையின் 11.11 விற்பனையும் வரும், நம் மழையும் வரும், இரண்டும் ஒன்றாக. லொறி லொறியாகப் பார்சல் இறங்கும் நேரத்தில் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் நிற்கும். அந்தக் கிழமை ஓடர் போடுவதென்றால் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே தரமாகப் போடுங்கள், முகவரியில் உங்கள் கிராமத்தில் மழை நீர் ஏறாத கடை ஒன்றின் பெயரைக் கொடுங்கள், கடைக்காரரிடம் முதலே சொல்லிவையுங்கள். வீதி வெட்டுப்பட்டிருந்தால் ரைடர் கோல் எடுக்க முந்தி நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள், பாலம் தாண்டி வந்த பிறகு சொல்வதில் பிரயோசனம் இல்லை.

கொக்கட்டிச்சோலை, அரசடித்தீவு, மண்டூர்ப் பக்கத்தில் பார்சல் எடுத்துவைக்கச் சம்மதிக்கும் கடைகளைத் தெரிந்தவர்கள் கடைக்காரரைக் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். தம்பியிடம் கொடுக்கிறேன், அவன் தன்னோடு ஓடுகிற மற்றப் பையன்களுக்கும் அனுப்புவான்.